கபடி வீரரையும் ஐம்பொன் சிலையையும் ஆங்கிலத்தில் புகழ்வது: ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். மன்னார்குடிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் தம் கல்லூரிக் கபடி அணியின் ஆட்டச் செய்திகளை ஆங்கிலத்தில் எழுதித் தருகிறார். விடுமுறை நாள்களில், சுவாமிமலையில் சிற்பக்கூடம் வைத்திருக்கும் தம் மாமாவுக்காக, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பார்க்கும் விலைப்பட்டியலுக்கும் ஆங்கில வரிகள் எழுதுகிறார். இரண்டிலும் ‘சூப்பர்’, ‘பெஸ்ட்’, ‘வெரி குட்’, ‘எக்ஸலண்ட்’ என்ற சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்றும், உயர்ந்த தரத்தைச் சொல்ல வேறு என்ன சொற்கள் உள்ளன, எதை எங்கே எழுதலாம் என்றும் கேட்டிருக்கிறார்.

சொற்களுக்குப் பஞ்சமில்லை, ஒத்த சொல் அகராதி ஒன்றைத் திறந்தால் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு ‘பெஸ்ட்’ வந்த இடத்தில் ஒன்று மாற்றி ஒன்றைப் போட்டால், எழுத்து இப்போது இருப்பதைவிட மோசமாகும். ஆங்கிலத்தில் உயர்தரத்தைக் குறிக்கும் சொற்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு தொழிலில், ஏதோ ஒரு பொருளை, யாரோ சிலர் தரம் பிரித்த இடத்தில் பிறந்தவை. களத்து நெல்லை மரக்காலிலும் பொன்னைக் குன்றிமணியிலும் நம் முன்னோர் அளந்ததைப் போல, ஒவ்வொரு சொல்லுக்கும் அதற்குரிய அளவை ஒன்று உண்டு. திறமையை அளக்கும் சொல் வேறு. புகழை அளக்கும் சொல் வேறு. வயதையும் உழைப்பையும் அளக்கும் சொற்கள் வேறு. எந்த அளவை என்று தெரிந்துகொண்டால் எந்தச் சொல்லை எழுதுவது என்ற குழப்பம் பெரும்பாலும் தானாகத் தீர்ந்துவிடும். ஆகவே பட்டியல் தராமல், முக்கியமான சொற்கள் எங்கிருந்து வந்தன, இன்று எப்படிப் பொருள்படுகின்றன என்பதைச் சொல்லிப் போகிறேன்.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ‘ஏ ஒன்’ என்பதிலிருந்தே தொடங்கலாம். ‘ஏ ஒன் சரக்கு’, ‘ஏ ஒன் டீ ஸ்டால்’ என்ற பலகைகள் தஞ்சாவூர்க் கீழவாசல் முதல் நாகப்பட்டினம் வரை தொங்குகின்றன. இது கப்பல் காப்பீட்டிலிருந்து வந்த குறியீடு. லண்டனில் எட்வர்ட் லாயிட் என்பவர் நடத்திய காப்பிக் கடையில் கப்பல் வணிகர்களும் காப்பீடு எழுதுபவர்களும் கூடுவது வழக்கம். அந்தக் கடையின் வாடிக்கையாளர்களே 1760-இல் ஒரு சங்கம் அமைத்து, எந்தக் கப்பலை நம்பிப் பணம் கட்டலாம் என்று தெரிந்துகொள்ளப் பதிவேடு தயாரித்தார்கள். கப்பலின் உடற்பகுதிக்கு ஆங்கில உயிரெழுத்துகளால் தரம் குறித்தார்கள். பாய்மரம், கயிறு, நங்கூரம் முதலிய துணைக்கருவிகளுக்கு வேறு குறியீடு வைத்து, பிறகு அதை எண்ணாக மாற்றினார்கள். உடலும் முதல் தரம், கருவிகளும் முதல் தரம் என்றால் ‘ஏ ஒன்’. 1775-76 பதிவேட்டிலேயே இந்தக் குறியீடு வந்துவிட்டது. காப்பிக் கடையில் பிறந்த சொல்லைக் கும்பகோணத்துக் காப்பிக் கடைகள் பலகையில் எழுதி வைப்பது பொருத்தம்தான். ஆனால் இன்றைய எழுத்து ஆங்கிலத்தில் ‘ஏ ஒன்’ சற்றுப் பழைய, பேச்சுவழக்கான சொல். ஒரு பொருள் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லலாம், ஒரு வீரரின் ஆட்டத்தைப் பற்றிய செய்தியில் அது ஒட்டாது.

‘ஃபர்ஸ்ட் ரேட்’ என்பதும் கப்பலிலிருந்து வந்ததே, ஆனால் போர்க்கப்பலிலிருந்து. பிரிட்டிஷ் கடற்படை தன் பாய்மரப் போர்க்கப்பல்களைப் பீரங்கி எண்ணிக்கையை வைத்து ஆறு தரங்களாகப் பிரித்திருந்தது. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 100 பீரங்கிகளும் அதற்கு மேலும் தாங்கியவை முதல் தரம். 1805-இல் டிரஃபால்கர் போரில் நெல்சன் நின்ற ‘விக்டரி’ 104 பீரங்கிகளைக் கொண்ட முதல் தரக் கப்பல். இங்கே கவனிக்க வேண்டியது மூன்றாம் தரத்தை. இன்று ‘தேர்ட் ரேட்’ என்றால் தமிழில் பேசும்போதுகூட அது வசைச்சொல். ஆனால் அந்தப் போரில் பிரிட்டன் வரிசையில் நிறுத்திய 27 பெரிய கப்பல்களில் 20 மூன்றாம் தரத்தவை. விரைவும் வலிமையும் அளவாகச் சேர்ந்திருந்ததால் கடற்படையின் முதுகெலும்பாக இருந்தவை அவையே. தரம் என்பது அங்கே அளவைக் குறித்ததே தவிர மதிப்பைக் குறிக்கவில்லை. பிற்காலப் பேச்சில்தான் அது மதிப்பாயிற்று. ‘ஃபர்ஸ்ட் ரேட்’ இன்றும் நல்ல எழுத்துச்சொல். வீரருக்கும் சொல்லலாம், சமையலுக்கும் சொல்லலாம், ஆய்வுக் கட்டுரைக்கும் சொல்லலாம். உங்களுக்கு ஒரே ஒரு புதுச் சொல் போதும் என்றால் நான் இதைத்தான் தருவேன். ‘டாப் நாட்ச்’, ‘டாப் கிளாஸ்’ ஆகியவை இதே வேலையைச் சற்று இளகிய நடையில் செய்பவை. ‘டாப் டிராயர்’ என்பது உயர்குடிப் பிறப்பைக் குறிக்கப் பிரிட்டனில் வழங்கிய தொடர். கிரிக்கெட் வர்ணனையில் ‘டாப் டிராயர்’ அடி என்று கேட்டிருப்பீர்கள், அங்கே சரி, கபடிச் செய்தியில் வேண்டாம்.

இனி கபடிக்கு வருவோம், ஏனெனில் உங்கள் எழுத்தில் நான் உடனே திருத்தச் சொல்வது அங்கேதான் இருக்கிறது. பொங்கலையொட்டித் திருவாரூர், தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர்த் திடல்களில் இரவு விளக்கொளியில் நடக்கும் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, யாராவது துணிச்சலாகப் பாடிப் போய் ஒருவரைத் தொட்டுத் திரும்பினால், ‘சூப்பர் ரெய்டு’ என்று கூவுவது இயல்பு. ஆனால் 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கிய பிறகு அந்தத் தொடருக்குத் திட்டமான பொருள் வந்துவிட்டது. ஒரே ரெய்டில் மூன்று புள்ளிகளோ அதற்கு மேலோ எடுத்தால்தான் அது ‘சூப்பர் ரெய்டு’. எதிரணியில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் இருக்கும்போது பாடி வருபவரைப் பிடித்துவிட்டால் அது ‘சூப்பர் டேக்கிள்’. அதற்குக் கூடுதலாக ஒரு புள்ளி உண்டு. ஒரு ஆட்டத்தில் ரெய்டில் மட்டும் 10 புள்ளிகள் எடுப்பது ‘சூப்பர் டென்’. பிடியில் ஐந்து புள்ளிகள் எடுப்பது ‘ஹை ஃபைவ்’. ஆகவே ஒரு புள்ளி எடுத்த ரெய்டை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், ‘சூப்பர் ரெய்டு’ என்று எழுதினால், ஆட்டத்தைப் பார்க்காதவர் மூன்று புள்ளிகள் வந்ததாக எண்ணிக்கொள்வார். புள்ளிப் பட்டியலோடு ஒப்பிடுபவர் உங்கள் செய்தியையே சந்தேகிப்பார்.

அப்படிப்பட்ட ரெய்டை வேறு எப்படிச் சொல்வது? ஆட்டத்தின் போக்கை அது மாற்றியிருந்தால் ‘டிசைசிவ்’. வெற்றியைத் தந்திருந்தால் ‘மேட்ச் வின்னிங்’. ஐந்து பேர் சூழ்ந்த நிலையில் கோட்டைத் தொட்டிருந்தால் ‘டேரிங்’. பதற்றமே இல்லாமல் வேலையை முடித்திருந்தால் ‘கிளினிக்கல்’. இவை எதுவும் ‘மிகச் சிறந்தது’ என்ற பொருளுடைய சொற்கள் அல்ல, ஆனால் எந்த வகையில் சிறந்தது என்று சொல்லிவிடுகின்றன. பல வீரர்களில் ஒருவரைத் தனித்துக் காட்ட ‘பிக் ஆஃப் தி ரெய்டர்ஸ்’ என்று எழுதலாம். கிரிக்கெட் செய்திகளில் பந்து வீச்சாளருக்குச் சொல்லும் தொடர் இது. அன்றைய ஆட்டத்தில், அந்தக் குழுவுக்குள் சிறந்தவர் என்று மட்டுமே சொல்வதால் மிகையாகாது. ‘ஸ்டாண்ட் அவுட் பெர்ஃபார்மர்’ என்பதும் அப்படியே.

‘ஏஸ்’ என்ற சொல்லைத் தலைப்புகளில் பார்த்திருப்பீர்கள். பகடையிலும் சீட்டிலும் ஒன்று என்ற எண்ணைக் குறித்தது அது; பகடையில் கடைசி மதிப்பு, சீட்டிலோ பல ஆட்டங்களில் முதல் மதிப்பு. முதல் உலகப் போரின்போது, எதிரி விமானங்கள் பலவற்றை வீழ்த்திய விமானிகளைப் பிரெஞ்சுப் பத்திரிகைகள் இந்தச் சொல்லால் அழைத்தன. ஐந்து விமானங்கள் என்பது வழக்கமான கணக்காயிற்று. 1918 ஜூலையில் இரண்டு வாரங்களுக்குள் பத்து வெற்றிகள் பெற்று, அதே மாதம் தம் 19-ஆம் வயதில் உயிரிழந்த கல்கத்தாக்காரர் இந்திரலால் ராய் அந்த வரிசையில் வைக்கப்படும் இந்தியர். இந்தப் பின்னணியால் ‘ஏஸ்’ என்பதற்கு, தனி ஒருவராகத் துல்லியமாகச் செய்து முடிப்பவர் என்ற சாயல் இன்றும் உண்டு. துப்பாக்கி சுடுபவர், சதுரங்க வீரர், பாடிப் போகும் கபடி வீரர் ஆகியோருக்குப் பொருந்தும். ஒருவரோடொருவர் கை கோத்துச் சங்கிலியாக நிற்கும் பிடி வீரர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. டென்னிஸில் எதிராளியின் மட்டை தொடாமல் புள்ளியாகும் சர்வீஸுக்கு அது கலைச்சொல். ‘கிராக்’ என்பதும் ஏறக்குறைய இதே பொருளில், ‘கிராக் ஷாட்’, ‘கிராக் டீம்’ என்று வரும். நம்மூரில் ‘கிராக்’ என்றால் வேறு பொருள் என்பதால் உள்ளூர் வாசகர்களுக்கு எழுதும்போது தவிர்ப்பது நல்லது. ‘புளூ சிப்’ சூதாட்ட மேசையின் விலையுயர்ந்த வில்லையிலிருந்து பங்குச் சந்தைக்குப் போன சொல். நம்பகமான பெரிய நிறுவனத்துக்கு எழுதலாம். வீரருக்கு எழுதுவது அமெரிக்க வழக்கம்.

அடுத்து, பலர் சறுக்கும் ஒரு பள்ளம்: புகழைத் திறமையாக எழுதிவிடுவது. ‘ரினௌண்ட்’, ‘எமினென்ட்’, ‘ப்ராமினென்ட்’, ‘செலிபிரேட்டட்’ ஆகியவை எல்லாம் பலருக்குத் தெரிந்தவர் என்றே சொல்கின்றன. மாவட்ட அளவில் முதன்முறை ஆடும் மாணவர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் ‘ரினௌண்ட்’ ஆக முடியாது. ‘நட்டோரியஸ்’ என்பது கெட்ட பெயரெடுத்தவருக்கு மட்டும் உரியது. திருமண அழைப்பிதழ் ஒன்றில் நாகஸ்வரக் குழுவுக்கு இந்த அடைமொழி அச்சானதை நானே பார்த்திருக்கிறேன். ‘ரெப்யூட்டட்’ என்று இந்திய விளம்பரங்களில் எங்கும் எழுதுகிறோம். பிற நாட்டு வாசகர்களுக்கு அது ‘அப்படிச் சொல்லப்படுகிற’ என்ற ஐயத்தைத் தரும். அங்கே ‘ரெப்யூட்டபிள்’ என்பதே சரி. உங்கள் மாமாவின் விலைப்பட்டியல் வெளிநாட்டுக்குப் போவதால் இதைச் சொல்கிறேன்.

புகழும் திறமையும் ஒன்றல்ல என்பதற்கு ஐபிஎல் நல்ல சான்று. 2008-இல் நடந்த முதல் ஏலத்துக்கு முன், டெண்டுல்கர், திராவிட், கங்குலி, யுவராஜ், சேவாக் ஆகிய ஐவரும் ‘ஐகான்’ வீரர்கள் என்று அவரவர் நகர அணிகளுக்கு ஒதுக்கப்பட்டார்கள். ‘ஐகான்’ என்பது அந்த ஊரின் அடையாள முகம் என்ற பொருளில் வந்த சொல். சென்னைக்கு அப்படி ஒருவரும் இல்லை. ஆனால் அந்த ஏலத்தில் எல்லோரையும்விட அதிக விலைக்கு, 15 லட்சம் டாலருக்கு, சென்னை வாங்கியது தோனியை. பின்னர் ஏலங்களில் வந்த ‘மார்க்கீ’ என்ற சொல்லும் அரங்கின் முகப்புப் பலகையிலிருந்து வந்தது. யாருடைய பெயரைப் பார்த்துக் கூட்டம் சேருமோ அவர் ‘மார்க்கீ பிளேயர்’. ‘ஸ்டார்’ என்பது புகழ், திறமை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. உங்கள் அணியில் யாரைப் பார்க்க ஊர் திரளுகிறதோ அவரை ‘ஸ்டார் ரெய்டர்’ என்று எழுதுவதில் தவறில்லை.

வயதும் அனுபவமும் சார்ந்த சொற்களுக்கு நம் பகுதியிலேயே உதாரணங்கள் கிடைக்கின்றன. 1969-இல் மாயவரத்தில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்தைப் பதின்பருவத்தில் ‘பிராடிஜி’ என்று எழுதியது சரி. வியத்தகு திறமை இளமையிலேயே வெளிப்பட்டால் மட்டுமே அந்தச் சொல். 1988-இல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ‘கிராண்ட்மாஸ்டர்’ என்பது உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு வழங்கும் பட்டம், புகழுரை அன்று. ஆகவே பட்டம் பெறாத மாவட்டச் சாம்பியனை, பாராட்டும் நோக்கில்கூட, அப்படி எழுதக் கூடாது. 2000-இலும் பிறகு 2007 முதல் 2013 வரையிலும் உலகச் சாம்பியனாக இருந்த காலத்து ஆனந்துக்கு ‘வேர்ல்டு பீட்டர்’, ‘எலீட்’ போன்றவை பொருந்தும். இன்று அவருக்குரியவை ‘வெட்டரன்’, ‘டோயன்’, ‘லெஜண்ட்’ என்ற வரிசை. இவற்றுள்ளும் வேறுபாடு உண்டு: ‘வெட்டரன்’ நெடுங்காலம் ஆடியவர் என்று மட்டும் சொல்கிறது, ‘ஸ்டால்வர்ட்’ ஓர் அணிக்கோ இயக்கத்துக்கோ தளராமல் தோள் கொடுத்தவர் என்கிறது, ‘டோயன்’ ஒரு துறையின் மூத்தவர், மற்றவர்கள் எழுந்து நின்று மதிக்கும் இடத்தில் இருப்பவர் என்கிறது. இருபது வயது வீரரை ‘ஸ்டால்வர்ட்’ என்று எழுதிய செய்திகளை அடிக்கடி காண்கிறேன். அது மாமன்னன் என்ற பட்டத்தைத் தொட்டில் குழந்தைக்குக் கொடுப்பதாகும்.

இசைக்கென்று இருக்கும் சொற்களை இசையோடு விட்டுவிடுவதே அழகு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையை ‘மேஸ்ட்ரோ’ என்றும் ‘விர்ச்சுவோசோ’ என்றும் எழுதலாம். முன்னது ஆசான் நிலையையும், பின்னது கருவியின் மீதான அசாத்தியத் தேர்ச்சியையும் சொல்லும். தவிலுக்கும் நாகஸ்வரத்துக்கும் நம் பத்திரிகைகள் விடாமல் எழுதும் ‘எக்ஸ்போனென்ட்’ அந்தக் கலையைப் பயில்பவர் என்று மட்டுமே பொருள்படும். ‘லீடிங்’ அல்லது ‘ஃபோர்மோஸ்ட்’ முன்னால் வந்தால்தான் அது புகழ்ச்சி.

அளவையே போதாமல் போகும் நிலைக்கும் ஆங்கிலத்தில் தொடர்கள் உண்டு. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் 1904-இல் ராமானுஜனுக்குக் கணிதப் பரிசு வழங்கியபோது, முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்க வேண்டிய மாணவர் இவர் என்று தலைமை ஆசிரியர் சொன்னதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. ‘ஆஃப் தி ஸ்கேல்’ என்பது அதுதான். ‘பியர்லெஸ்’, ‘அன்ரைவல்ட்’, ‘இன் எ லீக் ஆஃப் ஹிஸ் ஓன்’ ஆகியவையும் அருகில் வேறொருவரும் இல்லை என்று உறுதி கூறுபவை. 52 டெஸ்ட் ஆட்டங்களில் 99.94 சராசரி வைத்த பிராட்மேனுக்கு அவற்றைச் சொன்னால் எவரும் மறுக்க மாட்டார்கள். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற தியான் சந்துக்கும் அப்படியே. மண்டலப் போட்டியின் அரையிறுதியில் எட்டுப் புள்ளி எடுத்தவருக்குச் சொன்னால், படிப்பவர் மனத்தில் அடுத்து வரும் எல்லாப் புகழ்ச்சியும் தள்ளுபடியாகிவிடும். ‘வேர்ல்டு கிளாஸ்’ என்பதும் உலக அரங்கில் நிறுத்தி ஒப்பிட்டால் தாங்கும் என்ற கூற்று. நம் அரசியல் மேடைகள் அதைக் கழிப்பறை திறப்பு விழா வரை இழுத்துத் தேய்த்துவிட்டன. இணையத்தில் புழங்கும் ‘கோட்’ எல்லாக் காலத்துக்கும் மிகப் பெரியவர் என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துச் சேர்க்கை. தன்னையே ‘தி கிரேட்டஸ்ட்’ என்று அறிவித்துக்கொண்ட முகமது அலியோடு இணைத்துப் பேசப்படுவது அது. அதற்கு முன் அமெரிக்க விளையாட்டுப் பேச்சில் அதே சொல் தம் தவறால் சொந்த அணியையே தோற்கடித்தவரைக் குறித்தது என்பது வேடிக்கை. கல்லூரி ஆண்டு மலரில் இதற்கு இடமில்லை.

புகழ்ச்சி போலத் தோன்றி மதிப்பைக் குறைக்கும் சொற்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். ‘யூஸ்ஃபுல்’, ‘ஹேண்டி’, ‘டீசன்ட்’ என்று ஒரு வீரரை எழுதினால், பரவாயில்லை என்ற அளவில்தான் பொருள். ‘பிராமிசிங்’ என்றால் இன்னும் சாதிக்கவில்லை என்பதும் உள்ளே இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக அணித் தலைவராக இருப்பவரை அப்படி எழுதினால் அவர் வருந்துவார். ‘வொர்க்மன்லைக்’ குறையில்லாத, ஆனால் ஒளியும் இல்லாத ஆட்டம். இவற்றுள் மிகவும் ஏமாற்றக்கூடியது ‘ஜர்னிமேன்’. ஐரோப்பியக் கைவினைச் சங்கங்களில் மாணாக்கன், நாள்கூலிக்கு வேலை செய்யும் தேர்ந்த தொழிலாளி, ஆசான் என்று மூன்று படிகள் இருந்தன. நடுப்படியில் இருப்பவரே ‘ஜர்னிமேன்’. விளையாட்டில் அது அணிவிட்டு அணி மாறி, எங்கும் உச்சம் தொடாமல் ஆடியவர் என்று பொருள்படும். ஊர் ஊராகப் போய் ஆடி வென்ற வீரர் என்று நினைத்து இதை எழுதிவிடாதீர்கள்.

அதே சங்கங்களில், ஆசான் நிலைக்கு உயர விரும்பும் தொழிலாளி தன் தேர்ச்சியைக் காட்டச் செய்து வைத்த வேலைப்பாடே ‘மாஸ்டர்பீஸ்’. இங்கிருந்து உங்கள் மாமாவின் சிற்பக்கூடத்துக்குப் போகலாம். விலைப்பட்டியலில் உள்ள எல்லாச் சிலைகளும் ‘மாஸ்டர்பீஸ்’ என்றால் ஒன்றும் ‘மாஸ்டர்பீஸ்’ இல்லை. பட்டியலில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ மட்டும் அதை வையுங்கள். நுண்ணிய வேலைப்பாட்டுக்கு ‘எக்ஸ்குவிசிட்’, ‘ஃபைன்லி வொர்க்ட்’. பிசிறில்லாத வார்ப்புக்கு ‘ஃபிளாலெஸ்’ என்று எழுதலாம். வெள்ளியில் 92.5 விழுக்காடு தூய்மையைக் குறிக்கும் ‘ஸ்டெர்லிங்’, மனிதரின் நம்பகமான உயர்தரப் பணிக்கு மிக நன்றாகப் பொருந்தும்: ‘ஸ்டெர்லிங் பெர்ஃபார்மன்ஸ்’ என்று கபடிச் செய்தியில் தயங்காமல் எழுதலாம். ஆனால் ஐம்பொன் சிலைக்கு அடைமொழியாக எழுதினால் வாங்குபவர் வெள்ளிச் சிலை என்று எண்ணிவிடுவார். ‘ஹால்மார்க்’ என்பதையும் அப்படியே தவிர்க்க வேண்டும். நகைக்கடையில் அது தரச்சான்று முத்திரை, அலங்காரச் சொல் அன்று.

சிலையின் உயர்தரத்தைச் சொல்ல அடைமொழியைவிடச் செய்முறையைச் சொல்வதே வலுவானது. மெழுகில் உருவம் செய்து, காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் வார்த்து, அச்சை உடைத்துச் சிலையை எடுக்கிறார்கள். அதனால் ஓர் அச்சில் ஒரு சிலைதான். தென்னையோலை நறுக்கை மடித்து அளவு குறித்து, முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட தாளக் கணக்குப்படி உறுப்புகளை அமைக்கிறார்கள். இவற்றை எளிய ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினால், ‘பெஸ்ட் குவாலிட்டி’ என்று பத்து முறை எழுதியதைவிட அதிக நம்பிக்கை பிறக்கும். ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிற்ப நூல்களில் பத்துத் தாள அளவான தசதாளத்தில் உத்தமம் 124 அங்குலம், மத்திமம் 120, அதமம் 116 என்று கணக்கு; இந்த அங்குலம் இன்றைய ‘இன்ச்’ அன்று, சிலையின் அளவுக்கேற்ப மாறும் அலகு. இங்கே அதமம் என்பது மட்டமான சிலை அன்று. எந்தத் தெய்வத்துக்கு எந்த அளவு என்ற பகுப்பு மட்டுமே. அதை ‘இன்ஃபீரியர்’ என்று மொழிபெயர்த்தால், பாய்மரக் கப்பலின் மூன்றாம் தரத்துக்கு நேர்ந்த கதிதான் நம் சிலைக்கும் நேரும்.

சரக்குகளைப் பற்றிய பிற சொற்களும் இப்படி வகைப்பாட்டுக்கும் புகழ்ச்சிக்கும் நடுவே ஊசலாடுபவை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ‘ஏ கிரேடு’ என்பது அரிசி மணியின் நீள அகல விகிதத்தை வைத்துச் சொல்லும் சன்ன ரகம்; அவ்வளவுதான். 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலையில் பொது ரகம் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், ‘ஏ கிரேடு’ 2,389 ரூபாய். வேறுபாடு 20 ரூபாய். நன்றாக விளைந்து காய்ந்த பொது ரகமும், ஈரம் 17 விழுக்காட்டைத் தாண்டியதால் திருப்பி அனுப்பப்பட்ட சன்ன ரகமும் உண்டு என்பது நம் விவசாயிகளுக்குத் தெரியும். ‘பிரீமியம்’, ‘சுப்பீரியர்’, ‘செலக்ட்’ என்று பையில் அச்சிடுவது விலையைச் சொல்கிறதே தவிர எதை வைத்து உயர்ந்தது என்று சொல்வதில்லை. ‘ஸ்டேட் ஆஃப் தி ஆர்ட்’ இயந்திரத்துக்கும் மருத்துவமனைக் கருவிக்கும் உரியது. மரபுவழிச் சிற்பக்கூடத்துக்கு எழுதினால் பொருள் தலைகீழாகும்.

இலக்கணத்தில் இரண்டு மட்டும். ‘ஒன் ஆஃப் தி பெஸ்ட்’ என்று தொடங்கினால் அடுத்து வரும் பெயர் பன்மையில்தான் இருக்க வேண்டும்; ‘ரெய்டர்’ அன்று, ‘ரெய்டர்ஸ்’. தமிழில் ‘சிறந்த வீரர்களில் ஒருவர்’ என்று சரியாகவே எழுதும் நாம் ஆங்கிலத்தில் அந்தப் பன்மையை விழுங்கிவிடுகிறோம். மற்றொன்று, ‘எக்ஸலண்ட்’, ‘சூப்பர்ப்’, ‘பியர்லெஸ்’, ‘யுனீக்’ போன்றவை ஏற்கெனவே உச்சத்தில் நிற்பவை; அவற்றுக்கு முன்னால் ‘வெரி’ வராது.

கடைசியாக, தம்பி, விலைப்பட்டியலில் உள்ள ‘ஆன்டீக்’ என்ற சொல்லை இன்றே பாருங்கள். பழமையே உயர்வு என்ற எண்ணத்தில் புதுச் சிலைகளுக்கு அதைப் புகழ்ச்சியாக எழுதும் வழக்கம் நம் பகுதியில் பரவியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய சிலை தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. போன மாதம் வார்த்த நடராசரை நீங்களே எழுத்தில் தொல்பொருளாக்கிவிட்டால், ஏற்றுமதியின்போது சுங்க அதிகாரி கேட்கும் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர் உங்கள் மாமா. மேற்பூச்சைக் குறிக்க ‘ஆன்டீக் ஃபினிஷ்’ என்று எழுதியே ஆக வேண்டும் என்றால், அதே வரியில் புதிதாக வார்க்கப்பட்டது என்பதையும், வார்த்த ஆண்டையும், எடையையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.